டீம் லீட் ஆனபின் முதல் 90 நாள்: கையில் எடுப்பது எது, கைமாற்றுவது எது

சாஃப்ட்வேர் நிறுவனத்தில் நாலைந்து வருடம் நன்றாகக் கோடு (code) எழுதியவர், ப்ரொடக்‌ஷனில் (பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் சிஸ்டத்தில்) எது உடைந்தாலும் அவரைக் கூப்பிட்டால் சரியாகிவிடும் என்று பெயர் வாங்கியவர்தான் பெரும்பாலும் டீம் லீட் ஆக்கப்படுகிறார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரவு பதினொரு மணிக்கும் அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பார். குழுவில் இரண்டு பேர் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். பழைய வேலையை விடாமலே புதிய வேலையையும் தலையில் ஏற்றிக்கொண்டதால் வருகிற சிக்கல் இது. லீட் ஒரு வாரம் லீவில் போனாலும் குழு வழக்கம்போல் ஓட வேண்டும். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்த நிலைக்குக் கொண்டுபோகும் வழிகள். சென்னை, கோவை அலுவலகங்களில் வெளிநாட்டு கிளையன்டுக்காக வேலை செய்யும் ஐந்து முதல் எட்டுப் பேர் கொண்ட குழுவை மனத்தில் வைத்து எழுதியது.

ஒப்புக்கொள்ளும் முன்

பதவி உயர்வு மெயிலில் புதிய பெயர் இருக்கும். அதிகாரம் எவ்வளவு என்பது இருக்காது. அதனால் சரி சொல்வதற்கு முன் உங்கள் மேனேஜரோடு உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். அப்ரைசலில் ரேட்டிங் போடுவது நானா, அல்லது கருத்து மட்டும் சொல்கிறேனா? லீவ் அப்ரூவ் செய்வது யார்? ஆள் எடுக்கும்போது இன்டர்வியூவில் நான் வேண்டாம் என்றால் அது செல்லுமா? என் நேரத்தில் எவ்வளவு கோடு எழுதப் போக வேண்டும்? ஒரு வருடம் கழித்து இது எனக்கு ஒத்துவரவில்லை என்றால் ஆர்க்கிடெக்ட் (சாஃப்ட்வேர் அமைப்பை வடிவமைக்கும் தொழில்நுட்பப் பதவி) பக்கம் திரும்ப வழி உண்டா?

பதிலைப் பேச்சோடு விட்டுவிடாதீர்கள். அன்று மாலையே, நாம் பேசியது இது என்று நாலு வரி மெயில் அனுப்புங்கள். சர்வீஸ் நிறுவனங்களில் ரேட்டிங் போடும் அதிகாரம் மேலே இருக்க, அதைக் குழுவிடம் விளக்கும் வேலை மட்டும் லீடிடம் வந்து சேர்வது சகஜம். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் யாருக்கும் பொய்யான நம்பிக்கை கொடுக்க மாட்டீர்கள்.

குழுவின் அளவையும் கேளுங்கள். ஐந்து பேர் என்றால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள வேண்டிய இணைப்புகள் 10. எட்டுப் பேருக்கு 28, பத்துப் பேருக்கு 45. புதிதாக வருகிறவருக்கு எட்டுப் பேரே அதிகம். பன்னிரண்டு பேரைக் கொடுத்தால், குழுவை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அனுபவமுள்ள இன்னொருவர் பார்த்துக்கொள்ளும்படி கேளுங்கள்.

முதல் இரண்டு வாரம்: உங்களிடம் மட்டும் இருப்பதைக் கைமாற்றுங்கள்

ஒரு வெற்றுத்தாளில், நான் இல்லாவிட்டால் நின்றுபோவது எது என்று தலைப்புப் போட்டு எழுதத் தொடங்குங்கள். எந்த சர்வருக்கு யாரிடம் அக்சஸ் கேட்க வேண்டும், மாதக் கடைசியில் தானாக ஓடும் ஜாப் (புரோகிராம்) ஃபெயில் ஆனால் எதைத் திரும்ப ஓட்டலாம், எதை ஓட்டக் கூடாது, கிளையன்ட் பக்கத்தில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவர் யார், எந்தக் கட்டளையை உங்கள் லேப்டாப்பிலிருந்து மட்டும்தான் ஓட்ட முடியும் என்று எல்லாம் வரட்டும். வழக்கமாக 15 முதல் 25 வரிகள் தேறும். ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் ஒரு பெயர், ஒரு தேதி எழுதுங்கள். எல்லாப் பெயரும் குழுவின் ஒரே சீனியராக இருந்தால் நீங்கள் பாரத்தை இடம் மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். மூன்று பேருக்காவது பிரித்துக் கொடுங்கள்.

கைமாற்றும் முறை மூன்று தடவை. முதல் தடவை நீங்கள் செய்கிறீர்கள், அவர் பார்த்துக் குறிப்பு எடுக்கிறார். இரண்டாவது தடவை அவர் செய்கிறார், நீங்கள் பக்கத்தில் கீபோர்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். மூன்றாவது தடவை அவர் தனியாகச் செய்து முடித்துவிட்டு உங்களுக்குச் சொல்கிறார். புதிய லீடுகள் தடுமாறுவது இரண்டாவது தடவையில்தான்: அவர் தயங்குகிற பத்து விநாடியைத் தாங்க முடியாமல், குடு நான் பண்ணிடறேன் என்று வாங்கிவிடுகிறார்கள். வாங்கிவிட்டால் மறுபடி முதல் தடவையிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எழுதும் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்தோடு பாதுகாப்பாக இணைய உதவும் டிஜிட்டல் சான்று) புதுப்பிப்பதை எடுத்துக்கொள்வோம். ‘சான்றிதழை மாற்றவும்’ என்ற ஒரு வரி குறிப்பே ஆகாது. காலாவதித் தேதி எங்கே பார்ப்பது, எத்தனை நாள் முன்னால் தொடங்குவது (30 நாள் போதும்), புதியதை யாரிடம் கேட்டு வாங்குவது, எந்தெந்த இடங்களில் போடுவது, எந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது, சரியாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது என்று வர வேண்டும். கூடவே தவறு நடக்கும் இடங்களும்: லோட் பேலன்சரில் (வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) மாற்றிவிட்டு உள்ளே இருக்கும் ஏபிஐ சர்வரை மறந்துவிடுவது, கோப்பை மாற்றி ரீஸ்டார்ட் செய்யாததால் பழைய சான்றிதழே போய்க்கொண்டிருப்பது, இடைநிலைச் சான்றிதழை (நம் சான்றிதழை அதை வழங்கிய நிறுவனத்தோடு இணைப்பது) சேர்க்காமல் விடுவது. இந்தக் கடைசித் தவறு பிரவுசரில் பெரும்பாலும் தெரியாது. மொபைல் ஆப்பும் ஜாவா புரோகிராமும்தான் இணைய மறுக்கும். அதனால் பிரவுசரில் எச்சரிக்கை இல்லாமல் திறந்தால் போதாது, ஆப்பிலும் ஒரு முறை லாகின் செய்து பார்க்கவும் என்ற வரி குறிப்பில் இருக்க வேண்டும். இதை ஒரு ஃப்ரெஷரிடம் கொடுத்து டெஸ்ட் சர்வரில் செய்யச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் வந்து கேள்வி கேட்கிறாரோ அங்கேதான் உங்கள் குறிப்பில் ஓட்டை.

நான்காவது வாரத்தில் ஒரு நாள் முழுக்க லீவ் போடுங்கள். போனை எடுக்காதீர்கள். மறுநாள் வந்ததும் எது நின்றது என்று கேட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கோடு எழுதலாம்

எழுதலாம். ரிலீஸ் தேதியைத் தாங்கி நிற்கும் கோடை மட்டும் எழுதக் கூடாது. உங்கள் நாள் அரைமணி அரைமணியாக உடைந்துவிடும். நீங்கள் எடுத்த டாஸ்க்தான் கடைசியில் எல்லோரையும் காத்திருக்க வைக்கும். சின்ன பக், டெஸ்ட் எழுதுவது, குழுவுக்கு நேரம் மிச்சப்படுத்தும் ஸ்கிரிப்ட், இன்னும் முடிவாகாத யோசனைக்கு ஒரு மாதிரி செய்து பார்ப்பது போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஐந்தாறு மணி நேரம் போதும்.

கோட் ரிவ்யூவில் (ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்ப்பது) நீங்கள் மட்டுமே அப்ரூவ் செய்யும் ஏற்பாடு இருந்தால் இரண்டாவது வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். எந்த இருவரும் ஒருவருக்கொருவர் அப்ரூவ் செய்யலாம். பணம், லாகின், டேட்டாபேஸ் அமைப்பு ஆகியவற்றைத் தொடும் மாற்றத்துக்கு மட்டும் சீனியர் ஒருவர் பார்க்க வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் விதி. நான் இப்படி எழுதியிருக்க மாட்டேன் என்று தோன்றும் எதற்கும் கமென்ட் போடாதீர்கள். தவறான விடை வருமா, நாளை படிப்பவருக்குப் புரியாதா என்ற இரண்டு கேள்விக்கு மட்டும் போடுங்கள். லீட் போடும் கமென்ட் குழுவின் காதில் உத்தரவாகத்தான் விழும்.

ஒன்-ஆன்-ஒன்

முழு வேலையிலும் மிக முக்கியமானது, ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேசும் இந்தச் சந்திப்புதான். புதியவர்கள் முதலில் ரத்து செய்வதும் இதைத்தான். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 30 நிமிடம். புதிதாகச் சேர்ந்தவருக்கும் சிக்கலில் இருப்பவருக்கும் வாரம் ஒரு முறை. காலண்டரில் நிலையாகப் போட்டுவிடுங்கள். தவிர்க்க முடியாமல் தள்ளிப்போட்டால் அதே வாரத்துக்குள் வேறு நேரம் கொடுங்கள். இரண்டு தடவை தொடர்ந்து ரத்து செய்தால், தன் விஷயம் முக்கியமில்லை என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

டாஸ்க் நிலவரம் கேட்கும் இடம் இது இல்லை. அதற்கு ஸ்டாண்ட்-அப் (தினமும் நடக்கும் சின்னக் குழுக் கூட்டம்) இருக்கிறது. எப்படிப் போகுது என்று கேட்டால், நல்லாப் போகுது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிடிகொடுக்கும் கேள்விகள் வேண்டும். "போன வாரம் எந்த வேலை எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் இழுத்துச்சு?" "யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கீங்க?" "இந்த டீம்ல ஒரு விஷயத்தை மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?" "அடுத்த ரிலீஸ்ல நீங்க எடுத்துப் பண்ணணும்னு நினைக்கிறது எது?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதல் பதிலுக்குப் பின் வரும் அமைதியை நீங்களே பேசி நிரப்பாவிட்டால், உண்மையான பதில் பெரும்பாலும் அதற்கப்புறம்தான் வரும். முடிந்ததும் இரண்டு வரி குறித்துவையுங்கள்: அவர் சொன்னது என்ன, நீங்கள் செய்வதாக ஒப்புக்கொண்டது என்ன. அடுத்த சந்திப்பை உங்கள் வாக்கிலிருந்து தொடங்குங்கள். டெஸ்ட் சர்வர் அக்சஸ் வாங்கித் தருவதாகச் சொல்லி மறந்துவிட்டால், அவர் அடுத்த முறை எதையும் கேட்க மாட்டார்.

நேற்றுவரை பக்கத்து இருக்கையில் இருந்த நண்பர் இன்று உங்களுக்கு ரிப்போர்ட் செய்வதுதான் இதில் கஷ்டமான பகுதி. முதல் வாரமே தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்: "நம்ம பழக்கம் அப்படியே இருக்கும். ஆனா உன் ரேட்டிங்கையும் லீவையும் நான் பார்க்கணும், அதுல எல்லாருக்கும் ஒரே கணக்குதான். மத்தவங்க சம்பளமோ ரேட்டிங்கோ என்கிட்ட கேட்காதே." சாப்பிடப் போவதை நிறுத்த வேண்டியதில்லை, தினமும் அவரோடு மட்டுமே போகாதீர்கள். அந்தப் பதவிக்கு அவரும் காத்திருந்தவர் என்றால் அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இது அவருக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும் என்பதைச் சொல்லி, அடுத்து எந்தப் பொறுப்பைச் சொந்தமாக எடுக்க விரும்புகிறார் என்று கேளுங்கள். உங்களைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர் குழுவில் இருந்தால் மரியாதை வேலை கொடுக்கும் முறையில் தெரிய வேண்டும். எப்படிச் செய்வது என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

வேலை கொடுப்பதும் தேதி சொல்வதும்

ஒரு வேலையைக் கொடுக்கும்போது நான்கு விஷயம் சொல்லிவிட வேண்டும். முடிந்தது என்றால் எது வரை, எந்த நாளுக்குள், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது, நடுவில் எப்போது காட்டுவது. நடுவில் காட்டும் நாள் முக்கியம்: ஐந்து நாள் வேலை என்றால் இரண்டாம் நாள் மாலை. அதைக் கேட்காமல் விட்டால் ஐந்தாம் நாள்தான் தவறான திசையில் போனது தெரியும். தினமும் மூன்று தடவை கேட்டால் அவர் யோசிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் உத்தரவுக்குக் காத்திருப்பார்.

கிளையன்டுக்குத் தேதி சொல்லும் முன் கணக்குப் போடுங்கள். ஆறு பேர், பத்து வேலை நாள் கொண்ட ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலைக்கு ஒதுக்கிய காலம்) என்றால் தாளில் 60 ஆள்-நாள். லீவ் 4 போக 56. ஒருவர் முழுக்க ப்ரொடக்‌ஷன் சப்போர்ட்டில் இருக்கிறார்; அவருடைய 10 போக 46. மீட்டிங், ரிவ்யூ, திடீர் கேள்விகள் என்று நாலில் ஒரு பங்கு போனால் மிச்சம் 34 அல்லது 35. இதை வைத்துத்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். பொங்கல் வாரத்திலும் தீபாவளி வாரத்திலும் லீவ் வரிசையை ஒரு மாதம் முன்னாலேயே கேட்டு வாங்குங்கள். கிளையன்டுக்கு அந்தத் தேதிகள் தெரியாது, நீங்கள்தான் அவர்கள் காலண்டரில் போட வேண்டும்.

ஒருவர் எஸ்டிமேட் சொன்னால் ஒரே எண்ணை வாங்கிக்கொள்ளாதீர்கள். எல்லாம் சரியாகப் போனால் எத்தனை நாள், வழக்கம்போல் போனால் எத்தனை, மோசமாகப் போனால் எத்தனை என்று மூன்று எண் கேளுங்கள். மூன்றுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்த வேலை இன்னும் அவருக்குப் புரியவில்லை என்று பொருள். முதலில் ஒரு நாள் ஒதுக்கி ஆராயச் சொல்லுங்கள்.

தேதி தவறும்போது மேலிடம் இரண்டு பேரைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லும். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 இயக்குதளத்தை உருவாக்கும் பணியை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்: தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது ஏற்கெனவே வேலை தெரிந்தவர்தான். அவர் நேரம் போகிறது, இணைப்புகளும் கூடுகின்றன. ஆளைவிட, வேலையில் எதைக் குறைக்கலாம் என்று கிளையன்டிடம் பேச அனுமதி கேளுங்கள்.

நேர வித்தியாசத்தில் கவனம் தேவை. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6:30. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போவதால் அதன்பின் 7:30. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று மறுபடி மாறும். பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் மாறுவதால், இரண்டு நாட்டு கிளையன்டும் இருந்தால் நடுவில் சில வாரம் எல்லா அழைப்பும் குழம்பும். ஏழரைக்குத் தொடங்கும் அழைப்பு முடிந்து வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று குழுவில் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வண்டி ஏற்பாடு தேவைப்படுகிறவர்களுக்கு அதை நேரம் மாறுவதற்கு முன்பே செய்யுங்கள். தினமும் எல்லோரும் அந்த அழைப்பில் இருக்க வேண்டியதில்லை. முறை வைத்துக்கொண்டால் போதும்.

ப்ரொடக்‌ஷன் விழுந்தால்

உங்கள் கை தானாக டெர்மினலுக்கு (கட்டளை அடிக்கும் திரைக்கு) போகும். போகக் கூடாது. ஒருவர் சரிசெய்யட்டும், இன்னொருவர் அவருக்குத் துணையாக லாக் (சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவு) பார்க்கட்டும். நீங்கள் செய்தி சொல்பவர். 30 நிமிடத்துக்கு ஒரு முறை, புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், நான்கு வரி: என்ன பாதிப்பு, யாருக்கு, இப்போது என்ன செய்கிறோம், அடுத்த செய்தி எத்தனை மணிக்கு. இது ஒழுங்காகப் போனால் சரிசெய்கிறவருக்கு யாரும் போன் போட மாட்டார்கள். அந்த நிம்மதியை நீங்கள் மட்டும்தான் அவருக்குக் கொடுக்க முடியும். நடந்ததை நேரத்தோடு குறித்துக்கொண்டே வாருங்கள்.

அதற்கான ஆய்வை மூன்று நாளுக்குள் வையுங்கள், நினைவு மங்கிவிடும். ஒருவர் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸில் எதை அழிப்பது என்ற நிபந்தனை இல்லாமல் டெலீட் கட்டளை ஓட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கவனக்குறைவு என்று எழுதி முடித்தால் அடுத்த மாதம் வேறொருவர் அதையே செய்வார். சாதாரண வேலைக்கு ஏன் எழுதும் உரிமையுள்ள அக்கவுன்ட்டில் லாகின் ஆக வேண்டியிருந்தது? டெஸ்ட் விண்டோவும் ப்ரொடக்‌ஷன் விண்டோவும் ஏன் ஒரே நிறத்தில் இருந்தன? பேக்கப்பைத் திரும்ப ஏற்ற இத்தனை நேரம் ஏன் ஆனது? இதற்கு முன் எப்போது ஏற்றிப் பார்த்தோம்? ஒவ்வொரு பதிலும் ஒரு டிக்கெட் (பதிவு செய்த வேலை) ஆக வேண்டும், பெயரும் தேதியும் போட்டு. மேலிடத்துக்கு எழுதும் மெயிலில் அந்த ஊழியரின் பெயர் வரக் கூடாது. குழு செய்த தவறு என்று உங்கள் பெயரில் போகட்டும். குழு அதைக் கவனிக்கும். அதன்பிறகுதான் அவர்கள் தவறை மறைக்காமல் முதல் ஐந்து நிமிடத்திலேயே வந்து சொல்வார்கள்.

குறை சொல்வது, ரேட்டிங் சொல்வது

குறையைத் தனியாக, இரண்டு நாளுக்குள், நடந்த ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்லுங்கள். ‘நீங்க பொறுப்பா இல்ல’ என்பதில் அவர் திருத்திக்கொள்ள எதுவும் இல்லை. ‘செவ்வாய்க்கிழமை டெப்ளாய்மென்ட்டுக்கு முன்னாடி டெஸ்ட் ஓட்டல, அதனால கிளையன்ட் பக்கம் ரெண்டு மணி நேரம் ரிப்போர்ட் வரல, என்ன ஆச்சு?’ என்பதில் இருக்கிறது. கேட்டபின் பதிலைக் கேளுங்கள். டெஸ்ட் சர்வர் அன்று காலையிலிருந்தே கிடைக்காமல் இருந்திருக்கலாம்.

வேலை தொடர்ந்து சரியில்லை என்றால் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். என்ன எதிர்பார்க்கிறோம் என்று தெரியவில்லையா, செய்யத் தெரியவில்லையா, வீட்டில் ஏதாவது நெருக்கடியா, இந்த வேலையே பிடிக்கவில்லையா? நான்குக்கும் மருந்து வேறு. ஹெச்ஆர் வரை போகும் முன் குறைந்தது ஆறு வாரமாவது தெளிவான இலக்கு கொடுத்து, வாராவாரம் நிலைமையைச் சொல்லி, எழுத்தில் வைத்திருங்கள்.

அப்ரைசலுக்காக மாதம் ஒரு முறை ஒவ்வொருவர் பெயரிலும் மூன்று வரி எழுதிவையுங்கள். ஏப்ரலில் தொடங்கிய வருடத்துக்கு மார்ச்சில் உட்கார்ந்து யோசித்தால் ஜனவரிக்குப் பின் நடந்தது மட்டும்தான் ஞாபகம் வரும். ஜூனில் இரவெல்லாம் உட்கார்ந்து மைக்ரேஷனை முடித்தவர் அநியாயமாக நடு ரேட்டிங்கில் போய்விடுவார். ரேட்டிங் கூட்டத்தில் மற்ற லீடுகளோடு வாதிட உங்களிடம் இருப்பது இந்தக் குறிப்புகள் மட்டும்தான். முடிவைச் சொல்லும்போது, நான் நல்லாத்தான் போட்டேன், மேல குறைச்சுட்டாங்க என்று தப்பிக்காதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள், அடுத்த ரேட்டிங்குக்கு என்ன வேண்டும் என்று இரண்டு விஷயம் எழுதிக் கொடுங்கள்.

கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டிய சட்டம்

பாலியல் தொல்லை பற்றி ஒருவர் உங்களிடம் சொன்னால் நீங்கள் விசாரிக்கக் கூடாது, சமாதானமும் பேசக் கூடாது. 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். அந்த வழியைச் சொல்லுங்கள், எழுத உதவி வேண்டுமா என்று கேளுங்கள், வேறு யாரிடமும் பேசாதீர்கள்.

மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சம்பளத்தோடு. விடுப்பில் போனதற்காக ரேட்டிங்கை இறக்கும் வழக்கத்துக்கு உங்கள் மேசையில் இடம் கொடுக்காதீர்கள். வேலை செய்த மாதங்களை மட்டும் வைத்து மதிப்பிடுங்கள். திரும்பி வரும் வாரத்துக்கு லேப்டாப், அக்சஸ், சின்னதாக ஒரு முதல் டாஸ்க் தயாராக இருக்கட்டும்.

ஒருவர் ராஜினாமா கொடுத்தால்

அன்றே தனியாகப் பேசுங்கள். காரணம் சம்பளம் என்றால் உங்களால் எவ்வளவு முடியும் என்பதை மேலே கேட்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள். நோட்டீஸ் பீரியட் 60 அல்லது 90 நாள் இருந்தாலும் கைமாற்றும் திட்டத்தை முதல் வாரத்திலேயே போடுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் மீதமுள்ள லீவை எடுத்துவிடுவார், அல்லது மனம் போய்விடும். முன்பு சொன்ன மூன்று தடவை முறையே இங்கும். பகையோடு அனுப்பாதீர்கள். மிச்சம் இருப்பவர்கள், அவரை நீங்கள் நடத்தும் விதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

90-ஆம் நாள்

அன்று உங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உங்களிடம் மட்டும் இருக்கும் வரிகள் எத்தனை மிச்சம்? குழுவில் ஒவ்வொருவரும் அடுத்து என்ன கற்க நினைக்கிறார் என்று குறிப்பைப் பார்க்காமல் சொல்ல முடிகிறதா? கெட்ட செய்தி உங்களுக்கு முதலில் குழுவிடமிருந்து வருகிறதா, கிளையன்டிடமிருந்து வருகிறதா? தடுமாறினால் எந்தப் பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று இதிலேயே தெரிந்துவிடும். கூகுள் தன் மேலாளர்களை ஆராய்ந்து 2011-இல் வெளியே தெரியவந்த பட்டியலில், நல்ல மேலாளருக்கான எட்டுக் குணங்களில் தொழில்நுட்பத் திறமை எட்டாவதாகத்தான் வந்தது. கோடு தெரிவது வேண்டும். முதல் ஏழில் பெரும்பாலானவை ஆட்களைப் பற்றியவை.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒவ்வொரு ஞாயிறு மாலையும் மனம் கனக்கிறது, பக் சரிசெய்த நாளில் மட்டும்தான் நிறைவாக இருக்கிறது என்றால், திரும்பிப் போவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஒரு வருடமாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதல் ஆறு மாதம் யாருக்கும் கஷ்டம்தான். ஏப்ரலில் புதிய வருடம் தொடங்கும் நிறுவனம் என்றால் டிசம்பரிலேயே மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். பிப்ரவரியில் பட்ஜெட்டும் பதவிகளும் முடிவாகிவிடும். சொல்லும்போது உங்கள் இடத்துக்கு யார் வரலாம் என்ற பெயரும், அவருக்கு எதையெல்லாம் ஏற்கெனவே கைமாற்றிவிட்டீர்கள் என்ற பட்டியலும் கையில் இருக்கட்டும்.